நாற்பத்தெட்டுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவே

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வரும் வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். என் கணவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் வாரத்துக்கு ஒருமுறை நாமக்கல் வந்துபோனவர், இனி அந்த அலைச்சல் வேண்டாம் என்கிறார். எட்டு வருடமாக நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலி உங்களில் ஒருவருக்கு வரும். அதன் இடது கைப்பிடி ஆடும், சாய்ந்துவிடாதீர்கள்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த அறிக்கை வரும் என்பதை மேனேஜர் சார் இரண்டே நாளில் காட்டிக் கொடுத்துவிடுவார். அதை நான் எழுதப்போவதில்லை. அறிக்கை திரையில் வந்து நின்றபிறகு, அதை அனுப்புவதற்கு முன்னால் இருக்கிற சில நிமிடங்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நான் தவறு செய்ததும் திருத்திக்கொண்டதும் அந்த நிமிடங்களில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துணிச்சல்காரி இல்லை. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகம் வந்து, பையில் தண்ணீர் பாட்டில் வைத்தேனா என்று ஆயாவுக்குப் போன் போட்டவள். இப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை பொருத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பவள் தவறு செய்யமாட்டாள் அல்லவா? அப்படி இல்லை என்று தெரிந்துகொண்ட கதைதான் இது.

நம் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்லலாம். லாரி, முட்டை வண்டி, பள்ளி வேன் என்று நம்மிடம் வரும் வண்டிகளுக்குள் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துகிறோம். வண்டி எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அது குறிப்பிட்ட இடைவெளியில் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முதலாளிமார்கள் நம்மிடம் கேட்பது இரண்டே கேள்வி. வண்டி எங்கே? டிரைவர் எப்படி ஓட்டுகிறான்? முதல் கேள்விக்கு வரைபடம் பதில் சொல்லும். இரண்டாவதற்குத்தான் நாம் சராசரி முடுக்கம் கணக்கிடுகிறோம். கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்ததுதான். வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அதற்கு ஆன நேரத்தால் வகுக்க வேண்டும். அறுபதில் போன வண்டி ஆறு நொடியில் நின்றால், நொடிக்குப் பத்து கிலோமீட்டர் வீதம் வேகம் இறங்கியிருக்கிறது. அந்த அளவைத் தொட்டாலே நம் அறிக்கையில் சிவப்புக் கோடு விழும்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சிவப்புக் கோடு வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் சிக்னலில் நின்றிருந்த பள்ளி வேன், ஒரே நொடியில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் எடுத்ததாகச் சொன்னது. பதறிப்போய்ப் பள்ளிக்குப் போன் போடப் போனேன். வேன் அசையவே இல்லை, உயரமான கட்டடங்களுக்கு நடுவே பெட்டிக்குத்தான் இடம் குழம்பிப்போயிற்று என்று நல்லவேளையாக வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெரிய எண்ணைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றே கற்றுக்கொண்டேன். சின்ன எண்ணைச் சந்தேகப்பட மேலும் ஐந்து வருடம் பிடித்தது.

அப்போது என் மகள் யாழினிக்கு இரண்டரை வயது. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்ப வந்து நாளாகியிருந்தாலும், ஏதாவது எழுத்துப் பிழை வந்தால்கூட, "புள்ள நெனப்புல இருக்கறாங்க" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். அதனால் கொஞ்சம் அதிகமாகவே கவனமாக இருந்தேன். கேட்டதற்கு மேலேயும் செய்துகொடுத்து நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று இருந்தேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் போன் செய்தார். நம் பழைய வாடிக்கையாளர். அவருடைய முட்டை வண்டி விடிகாலையில் லோடு ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாக மேட்டூரில் ஒரு மொத்தக் கடைக்குப் போயிருந்தது.

"அம்மிணி, நம்ம மேட்டூர் வண்டி இன்னைக்கு எப்படி ஓடுச்சுன்னு ஒரு ரிப்போட்டு வேணும். முன்னாடி வரிசை பூராப் போச்சு. முட்டை அட்டையத் தூக்குனா ஒழுகுதுன்னு கடைக்காரன் வீடியோ போட்டு உடறான்."

"டிரைவர் என்னங்கய்யா சொல்றாரு?"

"எவளோ குறுக்க வந்தாளாம், பிரேக் அடிச்சானாம். எல்லாங் கதை. சங்ககிரில நிறுத்தி நல்ல முட்டையக் கைமாத்திட்டு விரிசல் முட்டைய ஏத்தியிருக்கறான். பிரேக் அடிச்சிருந்தா உங்க பொட்டி சொல்லுமில்ல? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். சங்ககிரியில் வண்டி இருபது நிமிடம் நின்றிருந்தது. டிரைவர் பிரேக் அடித்ததாகச் சொன்ன இடம் அதைத் தாண்டி, எடப்பாடி சாலையில் ஒரு பால் சொசைட்டிக்கு முன்னால். அந்த வண்டிக்குப் பண்ணைக்காரர் எடுத்திருந்தது குறைந்த கட்டணத் திட்டம். நிமிடத்துக்கு ஒரு பதிவுதான் வரும். பால் சொசைட்டிக்கு முந்திய பதிவில் வேகம் நாற்பத்தெட்டு. அடுத்த நிமிடத்தில் நாற்பத்தாறு. வேறுபாடு இரண்டே கிலோமீட்டர். அறுபது நொடியால் வகுத்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். பயணம் முழுக்கச் சிவப்புக் கோடே கிடையாது.

மூன்று முறை சரிபார்த்தேன். வழக்கமாக அட்டவணையை மட்டும்தான் அனுப்புவோம். பெரியவர் போனில் எண்களைப் படித்துச் சிரமப்படுவாரே என்று, அன்றைக்கு நானாக அதன் தலையில் ஒரு வரி தட்டினேன். "பயணம் முழுவதும் திடீர் பிரேக் எதுவும் போடப்படவில்லை." கீழே என் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு அலுவலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். செங்கோடன் என்று பெயர் சொன்னார். அந்த முட்டை வண்டியின் டிரைவர்.

"ஏனுங் மேடம், நீங்கதானுங்களா அந்த ரிப்போட்டு எழுதுனது?"

"ஆமாங்கண்ணா."

"நான் பிரேக்கே அடிக்கலைன்னு போட்டிருக்குதாமே."

"எங்களுக்கு வர்ற கணக்கு அப்படித்தானுங்கண்ணா காட்டுது."

"ஏனுங்க, வண்டிய நான் ஓட்டுனனா, உங்க பொட்டி ஓட்டுச்சா?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"பால் சொசைட்டிகிட்ட ஒரு பொண்ணு, ஸ்கூட்டில சடார்னு ரோட்டுல ஏறிருச்சுங்க. முன்னாடி பலகைல கொழந்த நிக்குது. நான் என்ன பண்ணோணும்? முட்டையப் பாக்கோணுமா, கொழந்தையப் பாக்கோணுமா? ஏறி நின்னுட்டேன் பிரேக்குல. பின்னால லோடு பூரா சலசலன்னு முன்னுக்கு வந்த சத்தம் இன்னும் காதுல கேட்டுட்டே இருக்குது."

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுங்களா? வண்டி நம்பர் ஏதாச்சும்..."

"அது திரும்பிக்கூடப் பாக்கலீங்க. அது பாட்டுக்குப் போயிருச்சு. நல்லா இருக்கட்டும்." மேசைமேல் இருந்த என் கணினியைப் பார்த்தார். "முதலாளி சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாரு. நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு லோடு ஏத்தி உட்டுட்டு, முதலாளிங்க வாட்ஸப் குரூப்புல என்ற போட்டோவையும் உங்க ரிப்போட்டையும் போட்டுருவாராம். அது போயிருச்சுன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல எவனுங்க எனக்கு வண்டி குடுப்பான்? இருவத்திரண்டு வருசமா ஸ்டீரிங் புடிக்கறேன். திருட்டுப் பட்டம் இன்னைக்குத்தான்."

"நான் திருட்டுன்னு எழுதலீங்கண்ணா."

"பிரேக் அடிக்கலைன்னு எழுதுனீங்க. மிச்சத்த அவரு படிச்சுக்கிட்டாரு."

போய்விட்டார். அவர் போனதும் நான் செய்ததை நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, அறுபது நொடி. விடை மாறவில்லை. கணக்கு சரியாக இருப்பதை ஒரு ஆறுதலாகப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வார், எண் பொய் சொல்லாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஸ்கூட்டியின் முன்பலகையில் நின்ற அந்தக் குழந்தை கண்ணை விட்டுப் போகவில்லை. தினமும் காலையும் மாலையும் என் ஸ்கூட்டியில் யாழினி நிற்கும் இடம் அது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மீட்டரில் முப்பது. அதற்கு மேல் நான் போகமாட்டேன். பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் முனையில், முன்னால் போன டவுன் பஸ் ஓரம் கட்டாமலே நின்றது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். நாங்கள் விழவில்லை, எதன்மேலும் மோதவில்லை. ஆனால் யாழினியின் வாய் மீட்டர் பெட்டிமேல் பட்டது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீறிட்டாள். கீழுதட்டில் ரத்தம் பொட்டாக நின்றது.

ஓரமாக நிறுத்தி, துடைத்து, தண்ணீர் கொடுத்து, பையிலிருந்த பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன். அழுகை நின்றது. மறுபடி கிளம்பினேன். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது மீட்டரைப் பார்த்தேன். முப்பது.

ஆறரைக்கு மேட்டூரிலிருந்து கணவர் போன் செய்தார்.

"பாப்பா என்ன பண்றா? எல்லாம் சரிதானே?"

"ம். ஒண்ணுமில்லைங்க. பொம்மை வெச்சு வெளையாடறா."

பொய் இல்லை. அவள் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் அவர் பேசியபோதும் விளையாடினாள், இப்போதும் விளையாடுகிறாள். போனை வைத்த பிறகுதான் என் பதில் என்னையே உறுத்தியது. ஐந்தரைக்கு முப்பது, ஐந்தே முக்காலுக்கு முப்பது. இந்த இரண்டை மட்டும் யாராவது என்னைப் போல ஒருத்தியிடம் கொடுத்திருந்தால், அவள் மூன்று முறை சரிபார்த்து என்ன எழுதியிருப்பாள்? இந்தத் தாய் பிரேக்கே போடவில்லை என்றுதானே? யாழினியின் உதடு வீங்கியது எதனால் என்று கேட்டால், வீட்டில் எங்கோ விழுந்திருப்பாள் என்பாள்.

சராசரி முடுக்கம் இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கும். புறப்பட்ட வேகமும் சேர்ந்த வேகமும் ஒன்றாக இருந்தால் விடை பூஜ்யம். நடுவில் வண்டி நின்றதா, அலறியதா, ஒரு உயிரைக் காப்பாற்றியதா என்று அதற்குத் தெரியாது. இதைக் கல்லூரித் தேர்வில் நானே எழுதியிருக்கிறேன். அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

உடனே கணவருக்குத் திரும்பப் போன் செய்தேன். "பஸ்ஸுக்குப் பிரேக் புடிச்சேங்க. பாப்பாவுக்கு உதட்டுல அடிபட்டுருச்சு. சின்னதுதான்."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன திட்டவா போறேன்?" என்றவர், பிறகு, "உனக்கு ஒண்ணும் அடியில்லையே?" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்துவிட்டேன். காப்பகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்பதால் யாழினியும் கூட இருந்தாள். பழைய அறிக்கைகளின் பின்பக்கத்தில் கிறுக்கச் சொல்லிப் பேனா கொடுத்து மேசைமேல் உட்கார வைத்தேன்.

பெட்டி வேகத்தை மட்டும் அனுப்புவதில்லை, இடத்தையும் அனுப்புகிறது. அதைத்தான் நான் முந்தின நாள் பார்க்காமல் விட்டிருந்தேன். ஒரு நிமிடம் முழுக்க நாற்பத்தேழு வாக்கில் ஓடியிருந்தால், அந்த வண்டி எழுநூற்று எண்பது மீட்டர் போயிருக்க வேண்டும். இரண்டு பதிவுகளின் இடங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தேன். ஐந்நூற்று நாற்பது.

மீதி இருநூற்று நாற்பது மீட்டரை வண்டி போகவே இல்லை.

சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டேன். சாலை அங்கே வளைந்திருந்தால் நேர்க்கோட்டில் அளந்த தூரம் குறைவாகத்தான் வரும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன். சாலை நேராக இருந்தது. ஒருவேளை பெட்டியே எப்போதும் இப்படித் தப்பாகச் சொல்லுமோ? ஊர்களுக்குள் நின்று நின்று போன நிமிடங்களைத் தள்ளிவிட்டு, திறந்த சாலையில் ஓடிய ஒவ்வொரு நிமிடத்தையும் இதே போல அளந்தேன். எல்லாம் பத்து இருபது மீட்டர் வித்தியாசத்தில் பொருந்தின. பால் சொசைட்டி நிமிடம் ஒன்றுதான் பொருந்தவில்லை. செங்கோடன் அண்ணன் சொன்ன அதே இடம்.

ஆனால் இதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது. இருநூற்று நாற்பது மீட்டர் குறைந்தது என்பது, அந்த நிமிடத்துக்குள் வேகம் நன்றாக இறங்கி மறுபடி ஏறியது என்பதைத்தான் சொல்கிறது. அவர் அடித்துப் பிடித்து நிறுத்தினாரா, மெதுவாகத் தணித்துப் போனாரா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இதே தூரம் வரலாம். நேற்று "இல்லை" என்று எழுதியது எப்படித் தப்போ, இன்று "அடித்தார்" என்று எழுதுவதும் அதே மாதிரித் தப்புதான். அதை எழுதக் கை துடித்தது. அந்த மனிதரின் முகம் அப்படி. ஆனாலும் எழுதவில்லை.

எட்டே முக்காலுக்கு மேனேஜர் சார் வந்தார். மேசைமேல் குழந்தையைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் விஷயத்தைச் சொன்னதும் இன்னும் மாறியது.

"அனுப்புன ரிப்போட்டத் திருப்பி வாங்கறதாங்க? அப்பறம் நாளைக்கு நம்ம பேப்பர எவன் நம்புவான்?"

"கணக்கு தப்பில்லைங்க சார். நான் மேல எழுதுன வரிதான் தப்பு."

"அவங்க டிரைவரு, அவங்க முட்டை. நமக்கு என்னங்க? ஒருவேள அந்தாளு நெசமாவே கைமாத்தியிருந்தா? நாளைக்கு நீங்க திருடனுக்கு வக்காலத்து வாங்குனதா ஆயிருமே."

சார் கேட்டது நியாயமான கேள்விதான். செங்கோடன் அண்ணன் திருடியிருக்கமாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைத்தான் சாரிடம் சொன்னேன். யாழினி கிறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய அறிக்கையையும் நான் தூரங்களை அளந்து எழுதிய தாளையும் வாங்கிப் பார்த்தார். எழுநூற்று எண்பது, ஐந்நூற்று நாற்பது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "உங்க பேர்லயே அனுப்புங்க. ஆபீஸ் பேர்ல வேண்டாம்" என்றார். எழுந்து போகும்போது, "பத்து மணிக்குள்ள அனுப்புங்க" என்றும் சொன்னார்.

அனுப்புவதற்கு முன்னால் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் லோடு ஏற்றும் சத்தம் கேட்டது.

"ஐயா, நேத்து ரிப்போட்டுல ஒரு வரி தப்பா எழுதிட்டேனுங்க. அதத் திருத்தி அனுப்பறேன்."

"தப்பா? மெஷின் தப்பாச் சொல்லுமா?"

"மெஷின் சொன்னது சரிங்கய்யா. அது நிமிசத்துக்கு ஒருக்காத்தான் பாக்குது. நடுவுல பாக்கறதில்ல. இப்ப நீங்க காலைல ஊட்ல இருக்கறீங்க. சந்தைக்குப் போயி, பேங்குக்குப் போயி, மத்தியானம் ஊட்டுக்கு வந்தர்றீங்க. காலைலயும் ஊட்ல, மத்தியானமும் ஊட்ல. அதனால நீங்க எங்கயுமே போகலைன்னு நான் எழுதுனா ஒத்துக்குவீங்களா?"

"நான் ஒத்துக்குவேன் அம்மிணி. ஊட்டுக்காரிதான் ஒத்துக்கமாட்டா." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப அவன் பிரேக் அடிச்சான்ங்கறீங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. அவரு சொன்ன அதே எடத்துல, அந்த ஒரு நிமிசத்துல மட்டும் வண்டி போகவேண்டிய தூரம் போகல. வேகம் நல்லாக் கொறைஞ்சிருக்குது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். திடீர் பிரேக் இல்லைன்னு நான் எழுதுனது எனக்குத் தெரியாத விசயமுங்க."

லோடு ஏற்றுகிறவர்களை அவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. "ஏப்பா, நேத்து மேட்டூர்ல போன அட்டை முன்னாடி வரிசைதான? கேபின் பக்கம்?" யாரோ ஆமாம் என்றார்கள்.

மறுபடி போனுக்கு வந்தபோது அவர் குரல் மெதுவாக இருந்தது. "முன்வரிசை மொதல்ல ஏத்தறது அம்மிணி. மேட்டூர்ல கடைசியாத்தான் எறங்கும். சங்ககிரில ஒத்த ஆளு நிறுத்தி எடுக்கறதுன்னா கதவுகிட்ட இருக்கறதத்தான் எடுப்பான். முன்வரிசையத் தொடோணும்னா மொத்த லோடையும் எறக்கோணும். இருவது நிமிசத்துல ஆவாது."

நேற்றுக் காலை முதல் வாக்கியத்திலேயே அவர் என்னிடம் சொன்னதுதான் அது. முன்னாடி வரிசை பூராப் போச்சு. சொன்னவரும் யோசிக்கவில்லை, கேட்ட நானும் யோசிக்கவில்லை. என் வரி அவருக்கு யோசிக்கவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டது. நான் இந்த வேலையில் பார்த்த மிகப் பெரிய ஆபத்து இதுதான். எழுத்தில் ஒரு பதில் வந்துவிட்டால், தாங்களே கண்ணால் பார்த்ததைக்கூட மனிதர்கள் கீழே வைத்துவிடுவார்கள்.

"குரூப்புல போட்டுட்டீங்களாங்கய்யா?" என்று கேட்டேன். அந்தப் பதில் வரும்வரை யாழினியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"இன்னும் இல்ல. லோடு முடியட்டும்னு இருந்தேன். செரி, உடுங்க. அவனச் சாவி வாங்கிக்கச் சொல்றேன். அப்பறம் அந்தப் பொட்டிய, இன்னும் வெரசாப் பாக்கற மாதிரி மாத்திக் குடுங்க."

மன்னிப்பு, வருத்தம் என்று எதுவும் அவர் சொல்லவில்லை. செங்கோடன் அண்ணனிடமாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

திருத்திய அறிக்கையை ஒன்பதரைக்கு அனுப்பினேன். பதினொரு மணிக்கு ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. செங்கோடன் அண்ணன்தான். வண்டி ஓடும் சத்தத்துக்கு மேலே பேசினார். ஓட்டிக்கொண்டே பேசுகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணா, ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க."

"நிறுத்தறனுங்க. நிறுத்துனா உங்க பொட்டிக்குத் தெரியுங்களா?" சிரித்தார். சத்தம் அடங்கியது. "என்னப் பத்தி மறுக்கா ஏதோ எழுதுனீங்களாமா. என்னன்னு எழுதுனீங்க?"

படித்துக் காட்டினேன். இந்த இடத்தில் இந்த ஒரு நிமிடத்தில் வண்டியின் வேகம் கணிசமாகக் குறைந்து மீண்டும் கூடியிருக்கிறது. எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பதை இந்தப் பதிவுகளிலிருந்து சொல்ல இயலாது.



"நின்னேன்னு எழுதலீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்களேண்ணா."

"நான் நின்னனுங்க, மேடம். பூராவும் நின்னுதான் போனேன். அந்தக் கொழந்த என்னத் திரும்பிப் பாத்துச்சு. அம்மாதான் பாக்கல."

"நான் நம்பறனுங்கண்ணா. எழுதத்தான் முடியாது."

"செரி. நீங்க எழுத வேண்டாம். நம்புனாப் போதுமுங்க," என்றார். "லோடு இருக்குது. வாரேனுங்."

இப்போது முட்டை வண்டிகளுக்குப் பத்து நொடிக்கு ஒரு பதிவு வருகிறது. போகப்போகக் கருவிகள் இன்னும் நன்றாகிவிடும், ஒவ்வொரு நொடிக்கும் வரும். அப்போதும் இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கத்தான் செய்யும். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் தன் காலை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கலாம்.

அன்றிலிருந்து நம் அறிக்கைகளின் அடியில் ஒரு வரி அச்சாகிறது. நான்தான் சேர்த்தேன். சார் மூன்று மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தார். இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாமே என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். சில முதலாளிகள் இது எதற்கு என்று சிரிப்பார்கள். மற்றதை எல்லாம் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். நிறம், எழுத்து, அட்டவணை எதுவானாலும் சரி. இந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

"இரண்டு பதிவுகளுக்கு நடுவே வண்டி என்ன செய்தது என்று இந்த அறிக்கைக்குத் தெரியாது. ஓட்டியவரைக் கேட்கவும்."